5-ஆம் வரியில் வைத்த பிரேக்பாயிண்ட் 7-ல் நிற்கிறதா? அறிகுறியைப் பிடித்து லைன் டேபிள் வரை போவது எப்படி

பிரேக்பாயிண்ட், அதாவது ஓடும் நிரலை ஓரிடத்தில் நிறுத்த நாம் வைக்கும் குறி, உட்காருவது மெமரி முகவரியின்மீது. "5-ஆம் வரியில் நிறுத்து" என்று நாம் சொன்னதும், பிழை தேட உதவும் கருவியான டீபக்கர் அந்த வரியை ஒரு முகவரியாக மாற்றுகிறது. அங்கிருக்கும் பைட்டைப் பத்திரப்படுத்திவிட்டு, எக்ஸ்86 கணினியானால் 204 என்ற மதிப்புள்ள ஒற்றை பைட் நிறுத்தக் கட்டளையை அந்த இடத்தில் எழுதுகிறது. நிரல் அங்கே வந்து நின்றதும், முகவரியிலிருந்து வரிக்குத் திரும்பும் வேலை நடக்கிறது. போவதற்கும் வருவதற்கும் வழிகாட்டி ஒன்றுதான்: கம்பைலர் எழுதிவைத்த லைன் டேபிள், அதாவது எந்த முகவரி எந்த வரிக்கு உரியது என்ற பட்டியல். பிரேக்பாயிண்ட் தவறான இடத்தில் நிற்கிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "டேபிளைத் திறந்து பார்த்தீர்களா?" என்பதைத்தான். பலரும் பார்ப்பதில்லை. டீபக்கரின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே அரை நாளைக் கழித்துவிடுகிறார்கள்.

கீழே வருவதற்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சி மொழியில் ஒரு சிறிய ஃபங்ஷன். 3-ஆம் வரியில் அதன் தலைப்பும் திறக்கும் அடைப்பும், 4-ல் மொத்தம் சுழி, 5-ல் ஃபார் லூப், 6-ல் மொத்தத்தோடு கூட்டல், 7-ல் ரிட்டர்ன், 8-ல் மூடும் அடைப்பு. ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல், டீபக் தகவலைச் சேர்க்கும் ‘-ஜி’ கொடியைக் கொடுத்து எக்ஸ்86-64 கணினிக்காக ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்தால் டேபிள் ஏறக்குறைய இப்படி வரும். முகவரிகள் பதினாறடிமானத்தில், ஒரே வரிக்கு அடுத்தடுத்து வரும் வரிசைகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முகவரி 1129 → வரி 3
முகவரி 1130 → வரி 4
முகவரி 1137 → வரி 5
முகவரி 1140 → வரி 6
முகவரி 1146 → வரி 5
முகவரி 1152 → வரி 7
முகவரி 1155 → வரி 8
முகவரி 1157 → தொடர் முடிவு

ஒவ்வொரு வரிசையும் அடுத்த வரிசையின் முகவரி வரை செல்லுபடியாகும். அதாவது 1140 முதல் 1145 வரை எங்கே நின்றாலும் அது 6-ஆம் வரி. 5-ஆம் வரி இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். முதல் இடம் லூப் மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுப்பது. இரண்டாவது, மாறியை ஒன்று கூட்டி நிபந்தனையைச் சோதிப்பது. இந்தச் சின்ன விவரம் பிறகு பெரிய வேலை செய்யும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று பக்கமும் கேளுங்கள்

வரியிலிருந்து முகவரிக்கு: ஜிடிபி என்ற டீபக்கரில் ‘இன்ஃபோ லைன் 5’. முகவரியிலிருந்து வரிக்கு: ‘இன்ஃபோ லைன்’ என்று எழுதி நட்சத்திரக் குறியோடு முகவரியைக் கொடுங்கள். எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரில் இதற்கு ‘இமேஜ் லுக்அப்’ இருக்கிறது. வரி எண்ணும் தரலாம், முகவரியும் தரலாம்.

மூன்றாவது பக்கம்தான் முக்கியம். டீபக்கரைச் சாராத ஒரு வாசிப்பானைக் கேட்க வேண்டும். ‘ரீட்எல்ஃப்’ அல்லது ‘ஆப்ஜ்டம்ப்’ கருவியில் டீகோட் செய்த லைன் டேபிளைக் கேட்டால் வரிசை வரிசையாகக் கொட்டும். எல்எல்விஎம் கம்பைலர் கருவிகளின் பக்கம் இருப்பவர்களுக்கு ‘டுவார்ஃப்டம்ப்’ உண்டு. ஜிடிபி தன் மனதில் வைத்திருக்கும் டேபிளை ‘மெயின்ட் இன்ஃபோ லைன்-டேபிள்’ காட்டும். வெளிக்கருவி காட்டுவதும் இதுவும் ஒத்துப்போனால், கோளாறு டேபிளை வாசித்த பிறகு எடுத்த முடிவில் இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் வாசிப்பிலேயே இருக்கிறது. இந்த ஒரு பிரிப்பு தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அறிகுறி: "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்கிறது, அல்லது பிரேக்பாயிண்ட் காத்திருப்பிலேயே கிடக்கிறது

முதல் சந்தேகம், டீபக் தகவலே இல்லை என்பது. ‘ரீட்எல்ஃப்’ கருவியில் செக்‌ஷன் பட்டியலைக் கேளுங்கள். ‘.டீபக்_லைன்’ இல்லை என்றால் ஒன்று ‘-ஜி’ கொடுக்கவில்லை, அல்லது ஸ்ட்ரிப் செய்த, அதாவது டீபக் தகவலை நீக்கிய பைனரி. ஸ்ட்ரிப் செய்ததானால் தனி டீபக் கோப்பு எங்கோ இருக்கலாம். பில்ட் ஐடி (பைனரிக்குள் பதிந்திருக்கும் அடையாள எண்) பொருந்தினால்தான் அதை நம்ப வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது போதாது.

இரண்டாவது, நீங்கள் தேடும் கோடு (நிரலின் கட்டளைகள்) இன்னும் மெமரிக்கே வரவில்லை. ஷேர்டு லைப்ரரியை நிரல் ஓடும்போது திறக்கும் அமைப்புகளில் இது இயல்பு. லைப்ரரி ஏற்றப்பட்டதும் காத்திருக்கும் பிரேக்பாயிண்ட் தானாகவே முகவரி பெறும். ‘இன்ஃபோ ஷேர்ட்லைப்ரரி’ போட்டு, ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் எந்தப் பாதையிலிருந்து ஏறியது என்று பாருங்கள்.

மூன்றாவது, பாதைக் குழப்பம். பில்ட் நடந்தது ஒரு கன்டெய்னருக்குள் அல்லது வேறொரு கணினியில். டீபக் செய்வது உங்கள் கணினியில். டேபிளுக்குள் எழுதியிருப்பது பில்ட் நடந்த இடத்துப் பாதை. எடிட்டர் அனுப்புவதோ உங்கள் கணினியின் முழுப் பாதை. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: கட்டளைத் திரையில், பாதை ஏதுமில்லாமல் வெறும் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் கொடுத்துப் பிரேக்பாயிண்ட் வையுங்கள். அது வேலை செய்தால் டேபிள் நலமாக இருக்கிறது. பாதையை மட்டும் சரிசெய்தால் போதும். ஜிடிபி-யில் ‘செட் சப்ஸ்டிட்யூட்-பாத்’, எல்எல்டிபி-யில் ‘டார்கெட்.சோர்ஸ்-மேப்’. பில்ட் உங்கள் கையில் இருந்தால், கம்பைல் செய்யும்போதே ‘ஃபைல்-ப்ரிஃபிக்ஸ்-மேப்’ கொடியைக் கொடுத்துப் பாதையை நிலையாக்கிவிடுவது மேல். சிம்லிங்க் வழியாகப் போகும் கோப்புறைகளும் இதே தொல்லையைத் தரும்.

அறிகுறி: சொன்ன வரியை விட்டுக் கீழே போய் நிற்கிறது

கேட்டவரில் பெரும்பாலானோர் இதைத்தான் கேட்கிறார்கள். காரணங்களோ பல.

வெற்று வரி, கமெண்ட், வெறும் அறிவிப்பு ஆகியவற்றுக்கு டேபிளில் வரிசை கிடையாது. கேட்ட எண்ணுக்கு நேர் வரிசை இல்லையென்றால் டீபக்கர் அதைவிடப் பெரிய எண்களில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்கிறது. நமக்கு உதவுவதற்காகச் செய்யும் வேலைதான் இது. ஆனால் நிபந்தனைக் கம்பைலேஷனால் நீக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் நீங்கள் வரி எண் கொடுத்தால், நழுவி நழுவி, தொடர்பே இல்லாத கோட்டில் போய் உட்கார வாய்ப்புண்டு. எல்எல்டிபி-யில் இந்த நகர்வை நிறுத்த ‘மூவ்-டு-நியரெஸ்ட்-கோட்’ என்ற அமைப்பு இருக்கிறது. தானியங்கிச் சோதனை எழுதும்போது நான் அதை அணைத்தே வைப்பேன். நழுவியது தெரியாமல் சோதனை "தேறியது" என்று வருவதைவிட, தோற்று நிற்பது நல்லது.

தலைப்பு வரியில், அதாவது நம் எடுத்துக்காட்டில் 3-ல் வைத்தால் 4-ல் நிற்கும். 1129-லிருந்து 1130-க்குள் நடப்பது ஸ்டாக் ஃப்ரேம் கட்டும் முன்னுரைப் பகுதி. அதைத் தாண்டி நிறுத்துவது டீபக்கர் வேண்டுமென்றே செய்வது. இதைக் கோளாறு என்று புகார் அனுப்பாதீர்கள்.

பழைய சோர்ஸ் என்பது அடுத்தது. கம்பைல் செய்த பிறகு மேலே இரண்டு வரி சேர்த்துச் சேமித்துவிட்டீர்கள், பில்ட் செய்யவில்லை. டேபிள் பழைய எண்களைச் சொல்கிறது, திரை புதிய எழுத்தைக் காட்டுகிறது. சோர்ஸ் பைனரியைவிடப் புதியது என்று ஜிடிபி எச்சரிக்கும். ஆனால் அது கோப்பின் நேரத்தை மட்டும் ஒப்பிடுவது. கிட் பதிப்புக் காப்பகத்தில் கிளை மாறினாலும், கோப்புகளை நகலெடுத்தாலும் நேரம் பொய் சொல்லும். டீபக் தகவலை எழுதும் முறையை வகுப்பது டுவார்ஃப் தரம்; 2017-ல் வந்த டுவார்ஃப் 5, ஒவ்வொரு சோர்ஸ் கோப்பின் எம்டி5 கூட்டையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்) லைன் டேபிளுக்குள்ளேயே வைக்க இடம் கொடுத்திருக்கிறது. கிளாங் கம்பைலர் அதை எழுதுகிறது. அது உங்கள் பைனரியில் இருந்தால், வெளிக்கருவியில் அந்தக் கூட்டை எடுத்து உங்கள் கோப்பின் கூட்டோடு ஒப்பிடுங்கள். ஐயத்துக்கு அப்பாற்பட்ட பதில் கிடைக்கும்.

உருவாக்கப்பட்ட கோடு கடைசி. யாக், ஃபிளெக்ஸ் போன்ற கருவிகள் எழுதித் தரும் சி கோப்பில் ‘#லைன்’ குறிப்புகள் நிறைந்திருக்கும். அவை கம்பைலரிடம், "இந்த வரி உண்மையில் அந்த இலக்கணக் கோப்பின் 40-ஆம் வரி" என்று சொல்கின்றன. எனவே உருவான சி கோப்பில் வரி எண் கொடுத்தால் டேபிளில் அது இருக்காது. மூலக் கோப்பின் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: ஃபார் வரியில் வைத்தேன், ஒரே முறைதான் நிற்கிறது

ஒவ்வொரு சுற்றிலும் நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் டேபிளைப் பாருங்கள். 5-ஆம் வரிக்கு 1137, 1146 என இரண்டு முகவரிகள். இரண்டும் ஒரே பிளாக்குக்குள் இருப்பதால் டீபக்கர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. ஜிடிபி, எல்எல்டிபி இரண்டும் இப்படியே நடக்கின்றன. இல்லாவிட்டால் ஒரே வரிக்கு ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று தடவை நின்று எரிச்சலூட்டும். 1137 லூப்புக்கு வெளியே, ஒரே தடவை ஓடும் கட்டளை. அதனால்தான் ஒரே நிறுத்தம். ஒவ்வொரு சுற்றும் வேண்டுமென்றால் 6-ஆம் வரியில் வையுங்கள், அல்லது நட்சத்திரக் குறியோடு 1146 முகவரியிலேயே வையுங்கள்.

டீபக்கரைச் சோதிப்பவர்களுக்கு இது நல்ல சோதனைக் கேள்வி: "எத்தனை முறை நின்றது?" எங்கே நின்றது என்பதை மட்டும் பார்க்கும் சோதனை இந்த வேறுபாட்டைத் தவறவிடும்.

அறிகுறி: சரியான வரியில் நிற்கிறது, ஆனால் அளவுருக்களில் குப்பை எண்கள்

முன்னுரையைத் தாண்டுவதில் பிழை. ஆப்டிமைசேஷன் இல்லாத கோட்டில், ரெஜிஸ்டரில் வந்த அளவுருவை ஸ்டாக்கில் எழுதிவைக்கும் கட்டளை முன்னுரையின் கடைசியில் வருகிறது. டீபக் தகவலோ, "இந்த மாறி ஸ்டாக்கில் இந்த இடத்தில் இருக்கும்" என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. 1129-ல் நின்றால் இடம் தயார், மதிப்பு இன்னும் வந்து சேரவில்லை. முன்பு அந்த இடத்தில் கிடந்த எதுவோ திரையில் தெரியும்.

உறுதிப்படுத்த: நட்சத்திரக் குறியோடு ஃபங்ஷனின் தொடக்க முகவரியில் ஒரு பிரேக்பாயிண்ட், ஃபங்ஷன் பெயரில் இன்னொன்று. இரண்டு முகவரிகளும் ஒன்றாக இருந்தால் முன்னுரை தாண்டப்படவில்லை. டீபக்கர் முன்னுரையின் முடிவைப் பல வழிகளில் கண்டுபிடிக்கிறது. கட்டளைகளையே வாசித்து ஊகிப்பது ஒரு வழி. லைன் டேபிளில் அந்த ஃபங்ஷனுக்கான இரண்டாவது வரிசையே முன்னுரையின் முடிவு என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. ‘ப்ரோலாக்_எண்ட்’ என்று கம்பைலரே டேபிளில் போட்ட கொடியை நம்புவது மூன்றாவது; இது டுவார்ஃப் 3 தொட்டு இருக்கிறது. மூன்றுக்கும் முரண்பாடு வரும்போதுதான் குப்பை எண்கள் வருகின்றன. ஃபங்ஷன் முழுவதும் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தால், இரண்டாவது வரிசையை நம்பும் முறை தடுமாறும். எனவே உங்கள் சோதனைத் தொகுப்பில் ஒற்றை வரி ஃபங்ஷன் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

அறிகுறி: ஆப்டிமைசேஷனுக்கான -ஓ2 கொடுத்தால் வரிகள் முன்னும் பின்னும் தாவுகின்றன, சில வரிகளில் வைக்கவே முடியவில்லை

இங்கே டீபக்கரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆப்டிமைஸ் செய்யும் கம்பைலர் கட்டளைகளை இடம் மாற்றுகிறது, இரண்டு கிளைகளில் இருந்த ஒரே வேலையை ஒன்றாக்குகிறது, சிலவற்றை அழித்தே விடுகிறது. அழிந்த வரிக்கு டேபிளில் வரிசை இருக்காது. ஒன்றாக்கப்பட்ட கட்டளை எந்த வரிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாதபோது கம்பைலர் 0 என்ற வரி எண்ணை எழுதுகிறது. "இதற்கு ஊரும் பேரும் இல்லை" என்று பொருள். டீபக்கர் அங்கே நிற்பதைத் தவிர்க்க வேண்டும்; 0-ஆம் வரியைத் திரையில் காட்ட முயன்றால் அது டீபக்கரின் பிழை.

டேபிளின் ஒவ்வொரு வரிசையிலும் ‘இஸ்_ஸ்டேட்மென்ட்’ என்று ஒரு கொடி உண்டு. "இந்த முகவரி ஒரு கூற்றின் தொடக்கம், நிறுத்த ஏற்ற இடம்" என்று அது சொல்கிறது. கொடி இல்லாத வரிசைகள், நின்ற இடம் எது என்று காட்ட மட்டும் உதவும். பிரேக்பாயிண்ட் வைக்க உதவா. ஜிடிபி நெடுங்காலம் இந்தக் கொடி இல்லாத வரிசைகளைக் கழித்துவிட்டே டேபிளைக் கட்டியது. 2020-ல் வந்த பதிப்பு 10 முதல்தான் கொடியோடு சேர்த்துச் சேமிக்கிறது. ஆகவே ஒரே பைனரியை இரண்டு ஜிடிபி பதிப்புகளில் திறந்தால் வேறுவேறு வரி காட்டலாம். புகார் எழுதும்போது பதிப்பு எண்ணைத் தராமல் விட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது என்பதற்கு இதுவே காரணம்.

வேலை நடக்க வேண்டுமென்றால் டீபக் செய்ய ஏற்ற அளவே ஆப்டிமைஸ் செய்யும் ‘-ஓஜி’ கொடுத்துப் பாருங்கள், அல்லது அந்த ஒரு கோப்பை மட்டும் ஆப்டிமைசேஷனை அணைக்கும் ‘-ஓ0’ கொடுத்து கம்பைல் செய்யுங்கள்.

அறிகுறி: ஒன்று வைத்தேன், ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ ஐந்து இடம் காட்டுகிறது

இது நலமான நிலை. டெம்ப்ளேட் ஒவ்வொரு டைப்புக்கும் ஒரு நகலாகிறது. இன்லைன் ஃபங்ஷன் அழைத்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு நகலாகிறது. சி++ கன்ஸ்ட்ரக்டருக்கே, முழுப் பொருளுக்கு ஒன்று, அடிப்படைப் பகுதிக்கு ஒன்று என இரண்டு நகல் வருவதுண்டு. பட்டியலில் 1.1, 1.2 என்று வரும். வேண்டாததை அந்த எண்ணாலேயே அணைக்கலாம். கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கம்: ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மட்டும் இருந்தால், இரண்டு நகல்களில் நிரல் நிற்காமல் ஓடிவிடும்.

அறிகுறி: பிரேக்பாயிண்ட் வைத்தாயிற்று, அந்தக் கோடு ஓடுவதும் உறுதி, ஆனால் நிற்கவே இல்லை

இந்த அறிகுறியில்தான் நான் இரண்டு நாட்களை இழந்தேன். முன்னுரைப் பகுப்பாய்வுவரை இறங்கி ஒவ்வொரு கட்டளையாகப் படித்த பிறகு, ஓடிக்கொண்டிருந்த லைப்ரரி நான் பில்ட் செய்த லைப்ரரியே இல்லை என்று தெரிந்தது. கணினியில் முன்பே நிறுவப்பட்டிருந்த நகல் முதலில் ஏறியிருந்தது. அன்றிலிருந்து இந்த அறிகுறிக்கு முதல் வேலை: ஏறியிருக்கும் கோப்பின் பில்ட் ஐடியையும் நான் கட்டிய கோப்பின் பில்ட் ஐடியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

அது பொருந்தினால் அடுத்து ஃபோர்க். நிரல் ஃபோர்க் செய்து, அதாவது தன்னைப்போல் ஒரு நகல் ப்ராசஸை உருவாக்கி, அந்தக் குழந்தை ப்ராசஸில் வேலை நடக்கிறது. டீபக்கரோ இயல்பாகத் தாய் ப்ராசஸைத்தான் பின்தொடர்கிறது. ஜிடிபி-யில் ‘செட் ஃபாலோ-ஃபோர்க்-மோட் சைல்ட்’.

முகவரி கொடுத்து வைத்த பிரேக்பாயிண்டானால் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்றைய பைனரிகள் பெரும்பாலும் எந்த இடத்திலும் ஏற்றத்தக்கவை. ஓடுவதற்கு முன் 1130 என்று தெரியும் முகவரி, லினக்ஸில் ஜிடிபி-யின் கீழ் ஓடத் தொடங்கியதும் வழக்கமாக 555555555130 ஆகிவிடும். வரி எண்ணால் வைத்ததை டீபக்கர் தானே இடம் மாற்றிக்கொள்ளும். ஓடுவதற்கு முன் முகவரியால் வைத்ததில், அந்த இடத்தில் எழுத முடியவில்லை என்ற பிழைச்செய்தி வரும். நிரலை ஒருமுறை தொடங்கி நிறுத்திவிட்டுப் பிறகு முகவரியைக் கொடுங்கள்.

உட்பொதி சாதனங்களில் கோடு ஃபிளாஷ் மெமரியில் இருக்கும். அங்கே டீபக்கர் நினைத்தபடி ஒரு பைட்டை மாற்றி எழுத முடியாது. ‘எச்பிரேக்’ கட்டளையால் ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட் வையுங்கள். அவற்றின் எண்ணிக்கை சிப்பைப் பொறுத்து மிகக் குறைவு.

கடைசியாக, செத்த கோட்டின் எச்சம். கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் லிங்கர், பயன்படாத ஃபங்ஷன்களை நீக்கும்போது, கோடு போய்விடும். லைன் டேபிளில் அதன் வரிசைகள் தங்கிவிடும். போக இடமில்லாத அந்த வரிசைகளின் முகவரிக்கு லிங்கர் 0 போன்ற ஓர் அடையாள எண்ணை வைக்கிறது. 0-வில் தொடங்கும் தொடரை டீபக்கர் "இது செத்தது" என்று ஒதுக்க வேண்டும். ஒதுக்கத் தவறினால் 0 முகவரியில் பிரேக்பாயிண்ட் போய் உட்காரும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: இயக்குதளம் இல்லாத சிறு சாதனங்களில் 0 முகவரியில் உண்மையான கோடே இருக்கலாம். அங்கே ஒதுக்கினால் உயிருள்ள கோட்டின் வரிகள் காணாமல் போகும். அந்த முகவரியில் ஒரு செக்‌ஷன் ஏற்றப்படுகிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். டீபக்கரைச் சோதிப்பவர் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதிக்கட்டும்.

அறிகுறி: எல்லா வரிகளும் ஒட்டுமொத்தமாகத் தள்ளியிருக்கின்றன, அல்லது கோப்பே மாறித் தெரிகிறது

டேபிள் பைனரிக்குள் அட்டவணையாக இருப்பதில்லை. ஒரு குட்டி நிரலாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. வாசிப்பான் அந்த நிரலை ஓட்டித்தான் வரிசைகளைப் பெறுகிறது. முகவரியையும் வரியையும் ஒரே பைட்டில் முன்னேற்றும் சிறப்புக் கட்டளைகள் அதில் உண்டு. க்னூ அசெம்ப்ளர் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவுகளை வைத்துக் கையாலேயே சரிபார்க்கலாம்: வரி அடிப்படை −5, வரி வீச்சு 14, கட்டளை அடிப்படை 13. நம் டேபிளில் 1129-லிருந்து 1130-க்கு (பதினாறடிமானம் என்பதால்) முகவரி 7 கூடுகிறது, வரி 1 கூடுகிறது. வரி மாற்றத்திலிருந்து அடிப்படையைக் கழித்தால் 6, 14-ஐ 7-ஆல் பெருக்கினால் 98, அதோடு 13. மொத்தம் 117. 1140-லிருந்து 1146-க்கு வரி ஒன்று குறைகிறது: 4, 84, 13 சேர்ந்து 101. பச்சை பைட்டுகளில் இந்த எண்களைத் தேடிப் பிடிப்பது ஒருமுறை செய்து பார்க்க வேண்டிய பயிற்சி. அதன் பிறகு டேபிள் மர்மமாகத் தோன்றாது.

−5 என்பதைக் குறியில்லாத பைட்டாக வாசித்தால் 251 ஆகிவிடும். ஒவ்வொரு சிறப்புக் கட்டளைக்கும் வரி எண் 256 கூடுதலாக ஏறும். சிறிய கோப்பில் ஆயிரக்கணக்கான வரி எண்களைப் பார்த்தால் இதைச் சந்தேகியுங்கள்.

கோப்பு மாறித் தெரிவதற்கு வழக்கமான காரணம் பதிப்பு வேறுபாடு. டுவார்ஃப் 4 வரை கோப்புப் பட்டியல் எண் 1-ல் தொடங்கியது. டுவார்ஃப் 5-ல் 0-வில் தொடங்குகிறது. இதை மறந்த வாசிப்பான் ஒரு கோப்பு தள்ளிக் காட்டும். 2021-ல் வந்த ஜிசிசி 11, பெரும்பாலான தளங்களில் டுவார்ஃப் 5-ஐ இயல்பாக்கியது. கம்பைலரைப் புதுப்பித்ததும் பழைய டீபக்கரில் கோளாறு வந்தால், ‘-ஜிடுவார்ஃப்-4’ கொடுத்து மறுபடி கம்பைல் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

அறிகுறி: டேபிள் சரிதான், டீபக்கர்மீதுதான் சந்தேகம்

இப்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. கம்பைலரைச் சோதனைக்குள் விட்டுவைக்கக்கூடாது. அடுத்த பதிப்பில் அது வேறு டேபிளை எழுதும். நேற்றுத் தேறிய சோதனை இன்று தோற்கும். டேபிளை நீங்களே எழுதுங்கள். சிறிய சி கோப்பை அசெம்ப்ளியாக மாற்றச் சொன்னால், நடுநடுவே ‘.லோக்’ என்ற குறிப்புகள் வரும். கோப்பு எண், வரி, பத்தி எண், கூடவே ‘இஸ்_ஸ்டேட்மென்ட்’, ‘ப்ரோலாக்_எண்ட்’ போன்ற கொடிகள். அவற்றைக் கையால் மாற்றி, அசெம்பிள் செய்து, அந்த அசெம்ப்ளி கோப்பையே சோதனையாகச் சேமித்துவையுங்கள்.

நான் முதலில் செய்யும் மாற்றம்: இரண்டு ‘.லோக்’ குறிப்புகளை நடுவே கட்டளை ஏதுமின்றி அடுத்தடுத்து வைப்பது. ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள், 10-ம் 11-ம் என்று வைத்துக்கொள்வோம். 10-ல் பிரேக்பாயிண்ட் வையுங்கள். நின்றதும் 11 என்று காட்டலாம், ஏனென்றால் முகவரியிலிருந்து திரும்பும்போது அந்த முகவரிக்கான கடைசி வரிசையே வெல்லும். போகும் பயணமும் வரும் பயணமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை அல்ல என்பதை இந்தச் சோதனைபோல் வேறெதுவும் காட்டாது.

அடுத்து, ஒரு வரியின் எல்லா வரிசைகளிலும் ‘இஸ்_ஸ்டேட்மென்ட்’ கொடியை 0 ஆக்குங்கள். அங்கே வைக்கும் பிரேக்பாயிண்ட் அடுத்த தகுதியான வரிக்கு நகர வேண்டும். பிறகு ஒரு வரிசைக்கு 0-ஆம் வரி கொடுத்து, வரி வரியாக நகர்த்தும் ‘ஸ்டெப்’ கட்டளை அங்கே நிற்காமல் கடக்கிறதா என்று பாருங்கள். தொடர் முடிவைக் குறிக்கும் வரிசையை மட்டும் அசெம்ப்ளரில் எடுக்க முடியாது. அது தானே எழுதிவிடும். அதைக் கெடுத்துச் சோதிக்க வேண்டுமென்றால் ஜிடிபி-யின் சொந்தச் சோதனைத் தொகுப்பில் டிசிஎல் மொழியில் எழுதிய டுவார்ஃப் அசெம்ப்ளர் இருக்கிறது. செல்லாத டேபிளையும் அதில் கட்டலாம்.

சோதனைக்குள் வரி எண்ணை நேரடியாக எழுதாதீர்கள். ஜிடிபி சோதனைகளில் சோர்ஸில் ஒரு கமெண்டை அடையாளமாக வைத்து, அது எந்த வரியில் இருக்கிறது என்று தேடி எடுக்கும் வழக்கம் உண்டு. தலைப்பில் உரிமக் குறிப்பு ஒரு வரி நீண்டாலும் சோதனை உடையாது.

ஒவ்வொரு சோதனையிலும் நான்கைச் சரிபாருங்கள்: பெற்ற முகவரி, நின்றபோது காட்டிய வரி, நின்ற எண்ணிக்கை, அங்கே ஒரு மாறியின் மதிப்பு. வரி மட்டும் சரியாக இருந்து மதிப்பு தவறினால் முன்னுரைப் பிழை; முகவரி சரியாக இருந்து வரி தவறினால் திரும்பும் பயணத்தில் பிழை; எண்ணிக்கை மட்டும் தவறினால் பிளாக் வடிகட்டலில் பிழை. டீபக்கரை ஆக்குவோருக்குப் புகார் அனுப்பும்போது இந்த நான்கோடு அந்த அசெம்ப்ளி கோப்பையும் டீபக்கரின் பதிப்பு எண்ணையும் இணையுங்கள். பைனரியை மட்டும் அனுப்பினால், டேபிளை அவர்கள் திரும்பத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.